லிங்கன் கேட்ட செக்குபந்தி

ஐயா,

ஆறு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். போன வாரம் ஒரு கூட்டத்தில், “லிங்கனே ஒரு தடவை எம்.பி.யாக இருந்து, அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வி கோர்ட்டுக்குத் திரும்பியவர்தான்” என்று பேசினார்கள். பயமாக இருக்கிறது. கோர்ட்டும் சபையும் ஒரு ஆளுக்கு ஒத்துவருமா? லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தக் காகிதத்தை உருவிக் குப்பையில் போடுங்கள். அது லிங்கன் எழுதியதில்லை. மூலம் எங்கே என்று கேட்காமல் ஒரு வக்கீல் ஒரு கடுதாசியைக் கும்பிடலாமா?

தோற்றார் என்பதும் பொய். 1848 தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. அந்தத் தொகுதியில் அவருடைய கட்சியான விக் கட்சியில் ஆளுக்கு ஒரு தவணை என்று பேசிவைத்திருந்தார்கள். நின்று தோற்றவர் அவருடைய பழைய பார்ட்னர் ஸ்டீபன் லோகன். மேடைப் பேச்சாளர்களுக்கு லிங்கன் தோற்றுக்கொண்டே இருந்தால்தான் பிழைப்பு ஓடும்.

அந்த ஒரு தவணையில் அவர் செய்த காரியத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மெக்சிகோக்காரர்கள் அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தினார்கள் என்று சொல்லி, 1846 மே மாதம் அதிபர் போல்க் போருக்குப் போனார். 1847 டிசம்பர் 22 அன்று, சபைக்குப் போய் மூன்று வாரம்கூட ஆகாத லிங்கன் எட்டுத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி: ரத்தம் சிந்திய அந்த இடம் எது, அது யார் மண்? நியூசெஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டேவுக்கும் நடுவே கிடந்தது அந்தத் தகராறு பூமி. அங்கே இருந்தவர்கள் டெக்சாஸுக்கோ அமெரிக்காவுக்கோ வரி கட்டினார்களா, ஓட்டுப் போட்டார்களா, ஜூரியாக உட்கார்ந்தார்களா, அவர்கள் கையில் கோர்ட் சம்மன் கொடுக்கப்பட்டதா என்று வரிசையாகக் கேட்டார். வக்கீலாவதற்கு முன் சர்வேயராக இருந்த ஆள் அல்லவா!

என் பெரியப்பா வக்கீல் குமாஸ்தா. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்து, “அண்ணனே வெட்ட வந்துட்டான்யா” என்று அழுவார். பெரியப்பா காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, “வெட்ட வந்தது சரி. நின்னது யார் வரப்புல? செக்குபந்தி சொல்லு, நிலத்துக்கு நாலு பக்கமும் எல்லை சொல்லு, கிழக்கே யாரு?” என்பார். கல்நெஞ்சுக்காரர் என்று சின்ன வயதில் அவர்மேல் எனக்குக் கோபம். லிங்கன் போல்க்கிடம் கேட்டதும் அந்தச் செக்குபந்தியைத்தான்.

போல்க் பதில் சொல்லவில்லை. சபையும் தீர்மானங்களை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடம், அந்த ‘ஸ்பாட்’ எது என்று கேட்டவர் என்பதால், ஊரில் எதிர்க்கட்சிக்காரர்கள் ‘ஸ்பாட்டி லிங்கன்’ என்று கேலி செய்தார்கள். கூடவே தொழில் பார்த்த ஹெர்ன்டனே, நீங்கள் செய்தது சரியில்லை என்று கடிதம் எழுதினார்.

உடனே அவரைத் தூக்கிப் பூஜையறையில் வைத்துவிடாதீர்கள். இதற்கு இரண்டு மாதம் முன்பு, 1847 அக்டோபரில், அடிமைமுறைக்கு இடம் தராத இல்லினாய் மாநிலத்தின் கோல்ஸ் கவுண்டி கோர்ட்டில் அவர் யாருக்காக நின்றார் தெரியுமா? கென்டக்கியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து தன் பண்ணையில் வேலை வாங்கிய ராபர்ட் மேட்சனுக்காக. எதிரில் ஜேன் பிரையன்ட் என்ற பெண்ணும் அவள் குழந்தைகளும். அங்கேயும் வாதம் இடத்தைப் பற்றியதுதான். இவர்கள் இல்லினாயில் குடியிருக்க வந்தவர்கள் இல்லை, பண்ணை வேலைக்காக வந்துபோகிறவர்கள், ஆகவே அடிமைகளே என்பது மேட்சன் தரப்பு. கோர்ட் அதை ஏற்கவில்லை. தாயும் பிள்ளைகளும் விடுதலையானார்கள். லிங்கன் தோற்றதில் எனக்குச் சந்தோஷமான வழக்கு அது.

அதே மூளை, அதே கேள்வி. கோர்ட்டில் அதை மேட்சன் கூலிக்கு அமர்த்திக்கொள்ள முடிந்தது. சபையில் கூலி கொடுக்கும் கட்சிக்காரர் யாரும் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை. தன் பெயரில் கேட்டார், கேட்டதற்கான ஏச்சும் தன் பெயருக்கே வந்து சேர்ந்தது. ஒத்துவருமா என்று கேட்டீர்களே, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பயம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எந்த வார்டு, அங்கே உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா, அதை எழுதவில்லையே, அப்பா!