கிராஃபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம்

காரைக்குடி ஸ்டுடியோ, கம்ப்யூட்டரில் ஐ5-4460 பிராசஸர், 8 ஜிபி ராம் (மெமரி), ஹார்ட் டிஸ்க். கல்யாண ஆல்பம் போட்டால் ஃபோட்டோஷாப் திணறுகிறது, கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணே. பெரிய நகரத்தார் கல்யாண ஆல்பம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், ராம் போதாமல் கம்ப்யூட்டர் அதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு உருட்டுகிறது என்று அர்த்தம். கார்டு அதைத் தீர்க்காது. இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ராம், அப்புறம் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் அதைவிட வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். கடையில் என்விஎம்இ என்ற இன்னும் வேகமான எஸ்எஸ்டி எடுக்கச் சொல்வார்கள். உங்கள் பிராசஸர் காலத்து மதர்போர்டுகள் பெரும்பாலும் அதிலிருந்து பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் அதிலிருந்து தொடங்காது. அதே ஆல்பம் திறக்க, சேமிக்க எத்தனை நொடி என்று மாற்றுவதற்கு முன்னும் பின்னும் குறித்து வையுங்கள். அதற்கு மேல் இதில் காசு போடாதீர்கள். இந்த பிராசஸருக்கு விண்டோஸ் 11 ஆதரவும் கிடையாது.