பேஸ்மென்ற் வீட்டில் முதல் ஹலோவீன்: உடுப்பு, பூசணி, பேய் பொம்மை

தங்கச்சி, உங்கள் கேள்வி இதுதானே: ஓகஸ்டில் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் ஸ்காபறோவில் பேஸ்மென்ற் (நிலக்கீழ் வீடு) எடுத்திருக்கிறீர்கள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. பள்ளிக்கூடத்தில் ஹலோவீன் என்று கடிதம் வந்திருக்கிறது. உடுப்புக்குக் கன காசு போகுமா, வீட்டில் பிள்ளைகளோடு என்ன செய்யலாம், பேய் பிசாசு என்று அம்மம்மா முகம் சுளிக்கிறா, பேசாமல் விட்டுவிடலாமா?

அம்மம்மாவின் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஒக்ரோபர் 31, கிறிஸ்தவர்களின் சகல புனிதர்கள் திருநாளுக்கு முதல் நாள். அயர்லாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் கப்பலேறி வந்த சனம் கொண்டுவந்த வழக்கம் இது. அங்கே டேர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். இங்கே அதைவிடப் பெரிசாக, குடையவும் லேசாகப் பூசணி கிடைத்தது. இன்றைக்குத் தெருவில் நடப்பதில் பூசையும் இல்லை, வழிபாடும் இல்லை. பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்குகிறார்கள், அவ்வளவுதான். விருப்பமில்லாத வீட்டுக்காரர் வாசல் விளக்கை அணைத்துவிடுவார்கள். யாரும் குறை நினைப்பதில்லை. ஆனால் உங்கள் மகள் மறுநாள் வகுப்புக்குப் போகும்போது மற்றப் பிள்ளைகள் எல்லாரும் இதைத்தான் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் போகத்தான் சொல்லுவேன்.

உடுப்பு எடுக்கும்போது குளிரை நினைத்து எடுங்கள். ரொறன்ரோவில் அன்றைக்குச் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 6.10. அதற்குப் பிறகு 5 பாகை, சில வருசம் அதற்கும் கீழே. மழைத் தூறலும் சேரும். கடையில் பைக்குள் மடித்து விற்கிற வேஷ உடுப்புகள் மெல்லிய பொலியெஸ்ரர். அதன் மேலே ஜக்கெற் போட்டால் வேஷம் தெரியாது, போடாவிட்டால் பத்தாவது வீட்டில் பிள்ளை அழும். ஒன்றில் ஜக்கெற்றுக்கு மேலே போடக்கூடியதாக ஒரு அளவு பெரிசாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஜக்கெற்றையே வேஷமாக்குங்கள். இரண்டாவதுதான் காசுக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

மகளுக்கு வௌவால் உடுப்பு செய்து பாருங்கள். தேவையானது ஒரு கறுப்பு ஹூடி, ஒரு பழைய கறுப்புக் குடை. ஹூடி உள்ளே ஜக்கெற் போகிற அளவுக்குப் பெரிசாக இருக்கட்டும்; வல்யூ வில்லேஜ் போன்ற பழைய உடுப்புக் கடையில் தேடுங்கள். உடைந்த குடையென்றாலும் பரவாயில்லை, துணி கிழியாமல் இருந்தால் போதும். குடைத்துணியைக் கம்பிகளோடு பிடித்திருக்கும் தையலை ஒவ்வொன்றாக வெட்டி, உச்சி மூடியைக் கழற்றித் துணியை மட்டும் எடுங்கள். சிலர் வடிவாக நிற்கும் என்று கம்பியை விட்டுவிடுவார்கள். அது மற்றப் பிள்ளையின் கண்ணில் குத்தும், விடவே கூடாது.

பொதுவாகக் குடைத்துணியில் எட்டு முக்கோணத் துண்டு இருக்கும். பாதி பாதியாக வெட்டினால் ஒரு பக்கத்துக்கு நான்கு வரும், அது கூடிப்போய் அக்குளுக்குள் திரண்டு நிற்கும். இரண்டு துண்டு மட்டும் வைத்தால் கையைத் தூக்கும்போது இழுபடும். ஆகவே ஒரு சிறகுக்கு மூன்று. மூன்றும் சேர்ந்த துண்டின் கூர் முனையை ஹூடியின் அக்குளில் வையுங்கள். ஒரு நேர் விளிம்பைக் கையின் அடித்தையல் வழியே மணிக்கட்டு வரை, மற்றதை விலாத் தையல் வழியே கீழ்வரை ஊசிநூலால் ஓடவிட்டுத் தையுங்கள். குடைத்துணியை விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும், விளிம்போடு தைத்தால் நூல் பிரிந்து வந்துவிடும். கை நீளத்தை அளந்துகொண்டு குடை எடுங்கள்: ஆறு வயதுக்கு மடக்குக் குடையின் துணி மணிக்கட்டைத் தாண்டி நீளலாம், மிச்சத்தை உச்சிப் பக்கம் வெட்டிவிடுங்கள். வளைந்த வெளிவிளிம்பில் கை வைக்காதீர்கள், வௌவால் என்று காட்டுவதே அந்த வளைவுதான். மீதி இரண்டு துண்டில் காது இரண்டு வெட்டி, உள்ளே தடித்த மட்டை வைத்துத் தொப்பியில் தைக்கலாம்.

இதில் ஒரு குறை உண்டு. கறுப்பு உடுப்போடு இருட்டில் நடக்கிற பிள்ளை கார்க்காரருக்குத் தெரியாது. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ரேப் முதுகில் ஒரு கீற்று, இரண்டு சிறகிலும் ஒவ்வொன்று ஒட்டுங்கள். சிறகில் எலும்பு மாதிரிக் கோடாக ஒட்டினால் வேஷத்துக்கும் பொருந்தும்.

சின்னவருக்கு அவரிடம் இருக்கிற குளிர் உடுப்பைப் பார்த்துத் தீர்மானியுங்கள். மண்ணிறம் என்றால் கரடி, பச்சை என்றால் தவளை. காதும் வாலும் ஃபெல்ற் துணியில் வெட்டிச் சட்டை ஊசியில்லாமல் நூலால் குத்திவிட்டால் நவம்பரில் பிரித்துவிடலாம். மட்டைப்பெட்டி ரோபோ மூன்று வயதுக்குச் சரிவராது: பெட்டி முழங்காலில் இடிக்கும், படியேறும்போது கால் வைக்கிற இடம் தெரியாது. முகமூடியும் வேண்டாம், பக்கத்துப் பார்வையை மறைக்கும். முகத்தில் நிறம் பூசுவதென்றால் தண்ணீரில் கரைகிற முகப்பூச்சு மட்டும். முதல் நாளே கையில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள், தடித்தால் விட்டுவிடுங்கள். கைவேலைக்கு விற்கிற மினுக்கத்தை முகத்தில் போடவே கூடாது, கண்ணுக்குள் போனால் கீறும்.

பள்ளிக்கூடக் கடிதத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். சில பள்ளிகள் வேஷத்துக்கு விடும், சில கறுப்பும் செம்மஞ்சளும் போட்டு வந்தால் போதும் என்னும். முகமூடி, விளையாட்டு வாள் துப்பாக்கி பெரும்பாலும் கூடாது. வேஷத்தோடு போகலாம் என்றால், மகள் தனியாகக் கழற்றிக் கழிவறைக்குப் போக முடிகிறதா என்று வீட்டில் ஒருக்கால் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்தது பூசணி. அடி தட்டையாக, காம்பு பச்சையாக, எங்கேயும் மெத்தென்று அமுங்காததாக எடுங்கள். காம்பில் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு முறிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். வாங்குவதை முன்னரே வாங்கலாம், வெட்டுவதை 29ஆம் 30ஆம் திகதிக்கு முன் வெட்டாதீர்கள். வெட்டின பூசணி மூன்று முதல் ஐந்து நாள்தான் தாங்கும், பிறகு உள்ளே பூஞ்சணம் கட்டி முகம் சுருங்கிவிடும். முழுசாக வைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும்.

பலரும் மேலே மூடி வெட்டுவார்கள். நேராக வெட்டினால் மூடி காய்ந்து சுருங்கி உள்ளே விழுந்துவிடும். கத்தியை நடுப்பக்கம் சரித்து வெட்டினால் உட்கார்ந்து நிற்கும். அதைவிடப் பின்பக்கத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டுவது சுகம். காம்பும் அப்படியே இருக்கும், விளக்கு வைப்பதும் எளிது. விதையை எடுத்த பிறகு, முகம் வருகிற பக்கத்தின் உட்சுவரைக் கரண்டியால் சுரண்டி இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்புக்குக் கொண்டுவாருங்கள். தடிப்பாக விட்டால் வெட்டக் கஷ்டம், வெளிச்சமும் வராது. மெல்லிசாக்கினால் ஒரே நாளில் தொங்கிவிடும். சுரண்டுகிற வேலை மகளுக்கு. வெட்டுகிற வேலை உங்களுக்கு.

படத்தைத் தாளில் கீறிப் பூசணியில் ஒட்டி, கோட்டின் வழியே ஊசியால் அரைச் சென்ரிமீற்றருக்கு ஒரு குத்தாகக் குத்துங்கள். தாளை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கோதுமை மாவைத் தேய்த்தால் குத்தெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். சமையல் கத்தி வேண்டாம்; இறுகிப் பிடிபட்டு, இழுக்கும்போது வழுக்கும். பூசணிக்கென்று விற்கிற சின்னப் பல்லுவாள் டொலராமா என்ற மலிவு விலைக் கடையில் கிடைக்கும், அதை மேலும் கீழும் அறுங்கள். சின்ன ஓட்டைகளை முதலில், பெரிய வாயைக் கடைசியில்; வாயை முதலில் வெட்டினால் சுவர் பலமிழந்து மற்ற வேலையில் பிளந்துபோகும். மூலையில் வாளைத் திருப்பாதீர்கள், வெளியே எடுத்து மறு கோணத்தில் குத்துங்கள். பூசணி வாயில் பல்லு ஒன்று முறிந்தால் பல்லுக்குத்தியைச் செருகிப் பொருத்திவிடலாம். வெட்டின விளிம்பில் வாஸ்லின் பூசினால் காய்ந்து சுருங்குவது பிந்தும். உள்ளே பற்றரி விளக்கு வையுங்கள். மெழுகுதிரியும் தொங்குகிற பொலியெஸ்ரரும் ஒரே வாசலில் வேண்டாம். தீபாவளிக்கு வாங்குகிற பற்றரி விளக்குச் சரத்தைச் சுருட்டி உள்ளே வைத்தாலும் ஆகும். 2024இல் இரண்டும் ஒரே நாளில்தான் வந்தது.

அணில்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். இங்கத்தைய அணில் பூனைக்குட்டி அளவு, வெட்டின பூசணியின் முகத்தை ஒரே காலையில் தின்றுவிடும். மாலை வரை உள்ளே வைத்திருங்கள். இரவில் உறைபனி விழும் என்றாலும் உள்ளேதான். உறைந்து இளகினால் களியாகிவிடும்.

சின்னவருக்குத் தனியாக ஒரு குட்டிப் பூசணி வாங்கிக் கொடுங்கள், வெட்டாமல் நிறம் பூசட்டும். தோலை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். கழுவினால் போகிற பிள்ளைகளின் நிறம் பூசணித் தோலில் பிடிக்காது, காய்ந்ததும் செதிலாக உதிரும், அக்ரிலிக் பிடிக்கும். பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள், அக்ரிலிக் உடுப்பில் காய்ந்தால் போகாது.

வெட்டுகிற பூசணியின் சதை நீர்ப்பிடிப்பாக, நாராக இருக்கும். கறிக்கு நல்லாயிராது, கறிக்கென்றால் பை செய்கிற சின்னப் பூசணியைத் தனியே வாங்குங்கள். விதையை மட்டும் எறியாதீர்கள். நார் போகக் கழுவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் அவித்து, துணியில் பரப்பி ஈரம் போகத் துடையுங்கள். ஒரு கோப்பை விதைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிரட்டி, 350 பாகை ஃபரனைற் அவணில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருக்கால் கிளறி வறுங்கள். மிளகாய்த்தூளை முதலே போட்டால் கருகிக் கசக்கும். இறக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது போடுங்கள். சின்னவருக்கு முழு விதை கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் வைக்க ஒரு பேய் பொம்மை. டொலராமாவில் விற்கிற ஐதான வலைத்துணியில் 45 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டுங்கள். ஒரு போத்தலின் வாயில் அலுமினியத் தாளை உருண்டையாக்கி வைத்தால் தலை; கம்பியொன்றைக் குறுக்கே கட்டினால் கை. முழுவதையும் சமையல் பிளாஸ்ரிக் தாளால் சுற்றாவிட்டால் துணி அதோடேயே ஒட்டிக்கொள்ளும். அரைக் கோப்பை வெள்ளைப் பசையில் அரைக் கோப்பை தண்ணீர் கலந்து, துணியைத் தோய்த்துப் பிழிந்து மேலே போர்த்துங்கள். பசை வாங்க விருப்பமில்லையென்றால் கஞ்சியே போதும்: இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கால் கோப்பை குளிர்ந்த நீரில் கரைத்து, ஒரு கோப்பை கொதிநீரில் ஊற்றிப் பளபளக்கும் வரை கிண்டி ஆறவையுங்கள். வேட்டிக்குக் கஞ்சி போட்ட அம்மம்மாவிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், முகம் சுளிக்கமாட்டா. காய ஒரு நாள் பிடிக்கும்; பேஸ்மென்ற் ஈரத்தில் கூடவும் பிடிக்கலாம், மின்விசிறியைத் திருப்பி விடுங்கள். போத்தலை உருவினால் பேய் தானாக நிற்கும். கஞ்சிப் பேயை வெளியே வைக்காதீர்கள், மழை பட்டால் படுத்துவிடும்.

அன்றைக்கு மாலை ஐந்தரைக்கே வெளிக்கிடுங்கள். மூன்று வயதுக்கு முக்கால் மணித்தியாலம் போதும். பிறகு ஒருவர் சின்னவரோடு திரும்ப, மற்றவர் மகளோடு எட்டு மணி வரை போகலாம். தெருவின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வாருங்கள், குறுக்கே மறுக்கே கடப்பதில்தான் ஆபத்து. விளக்கு எரியாத வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. கதவு திறந்ததும் "ட்ரிக் ஓர் ட்ரீட்", வாங்கியதும் "தாங்க் யூ". வாசலில் கிண்ணம் மட்டும் வைத்திருந்தால் ஒன்றுதான் எடுக்க வேண்டும். நீலப்பச்சை நிறம் பூசின பூசணி வைத்த வீட்டில் இனிப்புக்குப் பதிலாகப் பென்சில், ஸ்ரிக்கர் கொடுப்பார்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக.

நீங்கள் கொடுப்பதென்றால், பேஸ்மென்ற் பக்கக் கதவுக்கு ஒரு பிள்ளையும் வராது. மேல்வீட்டுக்காரரிடம் கேட்டு முன்படியில் பூசணியும் கதிரையும் போட்டு இருங்கள். வழமையாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்றும் அவரிடமே கேளுங்கள், தெருவுக்குத் தெரு அது மாறும். முறுக்கு, லட்டு என்று வீட்டில் செய்ததைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு ருசியாக இருந்தாலும் கடை உறை இல்லாததைப் பெற்றோர் குப்பையில்தான் போடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையை நிலத்தில் கொட்டிப் பாருங்கள். உறை கிழிந்தது குப்பைக்கு. கடின மிட்டாய், பபிள் கம், பொப்கோர்ன், கச்சான் சின்னவரின் கைக்கு எட்டக் கூடாது, நான்கு வயதுக்குக் கீழே தொண்டையில் அடைக்கும். சைவமென்றால் கம்மி மிட்டாய், மார்ஷ்மெலோ உறைகளில் ஜெலட்டின் என்ற சொல்லைத் தேடுங்கள். அது மாடு அல்லது பன்றியிலிருந்து வருவது. கச்சான் சேர்ந்த சொக்லேற்றைப் பள்ளிக்கூடப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள்.

நவம்பர் 1 மாலை ரொறன்ரோவில் சில பூங்காக்களில் எல்லாருடைய பூசணிகளையும் வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். சொறோரன் பூங்காவில் நடப்பது பெயர்பெற்றது. உங்கள் பக்கத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விளக்கை எடுத்துவிட்டு வெட்டின பூசணியைக் கிறீன் பின்னில் (உணவுக் கழிவு போடுகிற பச்சைத் தொட்டி) போடுங்கள். அன்றைக்கே கடைகளில் மிச்ச உடுப்பும் இனிப்பும் பாதி விலைக்கு வரும். அடுத்த வருசத்துக்கு வாங்குவதென்றால் இரண்டு அளவு பெரிசாக எடுங்கள், ஒன்று வளர்த்திக்கு, மற்றது ஜக்கெற்றுக்கு.