தனியா வாழ்ந்த பாக்டீரியா பூச்சி உடம்புக்குள்ள போய், அது இல்லாம வாழவே முடியாத நிலைக்கு எப்படி வந்துச்சு? திரும்ப வெளிய வர முடியாதா?

நீங்க எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளையாத்தான் இருப்பீங்கன்னு நெனைக்கேன், அதுவும் ப்ராஜெக்ட் நேரம். இந்த ஒரு விஷயத்துக்காக நான் 3 மாசம் அழுதிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுகேன்.

2011. எங்க வீடு திருவட்டாறு பக்கம், அப்பா விளையில (தோட்டத்துல) மட்டி, ஏத்தன்னு ரெண்டு வகை வாழை போட்டிருந்தாங்க. வாழை மட்டை இடுக்குல கருப்பா அசுவினி (சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சி) அப்பிக் கிடக்கும், வாழைக்கு வர்ற முடிக்கொத்து நோயப் பரப்புறதே அதுதான். எனக்குக் குடுத்த ப்ராஜெக்ட், அந்த அசுவினிக்குள்ள இருக்குற பாக்டீரியாவப் பிரிச்சு, லேபுல தீனி ஊத்துன ப்ளேட்டுல தனியா வளக்கணும். அப்பா கேட்டாங்க, "மக்களே, எல்லாரும் இத கொல்லத்தான மருந்து கேப்பாங்க, நீ எதுக்கு வளக்கணும்ங்குற?"ன்னு. கேட்டுட்டு அவங்களே விடியக்காலம் டார்ச் அடிச்சுப் புடிச்சும் தந்தாங்க.

ஆல்கஹால்ல கழுவி, நசுக்கி, நியூட்ரியன்ட் அகார், பிளட் அகார், அமினோ அமிலம் சேத்த மீடியான்னு பாக்டீரியா வளக்குற தீனி எல்லாத்துலயும் போட்டேன். ஸ்டெயின் பண்ணி மைக்ரோஸ்கோப்புல பாத்தா உருண்டை உருண்டையா கொள்ளை கொள்ளையா தெரியுது, ப்ளேட்டுல ஒண்ணு கூட வரல, வந்ததெல்லாம் வெளிய இருந்து ஏறுன பேசில்லஸ்ங்குற வேற பாக்டீரியா. "உனக்கு கை சுத்தமில்ல"ன்னு கைடு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. வைவாவுல வந்தவர், ஒண்ணும் வளரலன்னா இது என்ன ப்ராஜெக்ட்னு நோட்டத் தள்ளி வச்சிட்டார்.

பிறகு நானே தேடி வாசிச்சுதான் மனசிலாச்சு. அந்த உருண்டை பேரு புக்னெரா, பால் புக்னர்ங்குற ஜெர்மன் விஞ்ஞானி பேர வச்சது. அத இன்னிக்கு வரைக்கும் யாரும் ப்ளேட்டுல தனியா வளத்ததில்ல. ஜப்பான்காரங்க அதோட ஜீனோம் (மொத்த டிஎன்ஏ) முழுசையும் வாசிச்சு 2000-லயே வெளியிட்டாச்சு, என் ப்ராஜெக்டுக்கு 11 வருஷம் முன்னாடி! நம்ம குடல்ல இருக்குற ஈ.கோலை பாக்டீரியா இதுக்கு சொந்தக்காரன்தான், அதுக்கு டிஎன்ஏ எழுத்து 46 லட்சம், ஜீன் 4,300 கிட்ட. புக்னெராவுக்கு 6.4 லட்சம் எழுத்து, 600 ஜீன் கூட இல்ல. தன்னோட மெம்பிரேனுக்கு (செல்லச் சுத்தி இருக்குற சவ்வுக்கு) வேண்டிய பாஸ்போலிப்பிட்ங்குற கொழுப்பு செய்யுற ஜீனே போயிடுச்சு. பின்ன அகாருல எப்படி வளரும்?

உங்க கேள்விக்கு வாரேன். பாக்டீரியா முடிவு பண்ணி உள்ள போகல. அசுவினி குடிக்கிற வாழைச் சாறுல சர்க்கரை நிறைய, ஆனா அவசியமான அமினோ அமிலம் ரொம்பக் கம்மி. அத செஞ்சு குடுத்த பாக்டீரியா தங்கிச்சு, அது தங்குறதுக்குன்னு அசுவினி உடம்புல தனி செல்லே உண்டாச்சு. உள்ள எல்லாம் ரெடியா கிடைக்குறதால ஒரு ஜீன் கெட்டாலும் சாகாது, கெட்டது அப்படியே நிக்கும், பைய பைய அறுந்தும் போகும். இதுல இன்னொரு காரணம்தான் முக்கியம்: தாய்கிட்ட இருந்து குட்டிக்குப் போறது கொஞ்சம் பாக்டீரியாதான். அந்தக் கொஞ்சத்துல கெட்ட மியூட்டேஷன் தற்செயலா மாட்டிக்கிச்சுன்னா அந்த வம்சம் முழுசுக்கும் அதுதான். வெளிய இருக்குற பாக்டீரியான்னா பக்கத்துல இருந்து நல்ல ஜீன் கடன் வாங்கும், இதுக்கு பக்கத்துல யாருமே இல்ல. கோடிக்கணக்கான வருஷமா இப்படியே.

தொடக்கம் எப்படி இருந்திருக்கும்னா, வேற பூச்சிகளுக்குள்ள இருக்குற சோடாலிஸ்ங்குற பாக்டீரியாவப் பாருங்க. அமெரிக்காவுல ஒருத்தர் கையில காஞ்ச காட்டு ஆப்பிள் கொம்பு குத்தி, அந்தப் புண்ணுல இருந்து எடுத்த பாக்டீரியா, பூச்சிக்குள்ள இருக்குற சோடாலிஸுக்கு நெருங்குன சொந்தம்னு 2012-ல எழுதினாங்க. அது ப்ளேட்டுல நல்லா வளருது, ஜீனோமும் பெருசு. உள்ள போய் இழக்குறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்திருக்கும்.

உடனே ரைசோபியம்ங்குற பாக்டீரியா பயறு வேருல இருந்துட்டு மண்ணுலயும் வாழுதேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. அது மண்ணுக்குத் திரும்பிப் போகும், ஜீன் வாங்கும் குடுக்கும், அதனாலதான் சுருங்கல. நான் சொல்லுறது தாய் வழியா மட்டுமே போற கூட்டத்த.

திரும்ப வர முடியாது. ஜீன் தூங்கல, இல்லவே இல்ல. சில அசுவினியில புக்னெராவே போயி அந்த இடத்த ஈஸ்ட் மாதிரி ஒரு பூஞ்சை எடுத்திருக்கு, பூச்சி பொழைச்சுது, பாக்டீரியா பொழைக்கல.

எங்க காலேஜுல டிஎன்ஏவ நகலெடுத்துப் பெருக்குற பி.சி.ஆர் மெஷின் இருந்துச்சு, கவர் போட்டு மூடி, இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் திறப்பாங்க. அத ஒரு நாள் தந்திருந்தா என் ப்ராஜெக்ட் முடிஞ்சிருக்கும். அப்பாவோட அந்த விளையும் 2017 ஒக்கி புயல்ல மொத்தமா சாஞ்சுது, கணக்கெடுக்க வந்தவங்க ரோட்டோரத்தப் பாத்துட்டே போயிட்டாங்க, அப்பா ரெண்டு நாள் வாசல்ல காத்திருந்தாங்க. கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா மட்டி வாழைன்னு எழுதும்போது வந்துடுச்சு.

இப்ப மார்த்தாண்டத்துல ஒரு லேபுல தினமும் கல்ச்சர் போடுகேன். என் ப்ளேட்டுல கண்டாமினேஷன் வராது.

உங்களுக்கும் இதே ப்ராஜெக்ட் குடுத்திருந்தா, டிஎன்ஏ எடுத்து 16எஸ் (பாக்டீரியா எதுன்னு அடையாளம் காட்டுற ஜீன்) பண்ண அனுமதி கேளுங்க, எழுத்துலயே கேளுங்க. மைக்ரோஸ்கோப்புல அந்த உருண்டை தெரிஞ்சா அன்னிக்கே போட்டோ எடுத்து வைங்க. நான் எடுக்கல.