காய்கறி சூப்பும் மாத்திரையும்: எதை எதோட சேர்க்கக் கூடாது? கேள்வி பதில்

ஈரோட்டுப் பக்கம் மருந்துக்கடையில மருந்தாளுநரா இருக்கேனுங்க. சளிக்கும் சூப், உடம்பு இளைக்கவும் சூப், மூட்டு வலிக்கும் சூப்னு நம்ம பக்கம் இப்ப முக்கால்வாசி வீட்டுல சூப் கொதிக்குது. நல்லதுதான். மாத்திரை போடறவங்க மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடிக்கணும். வந்த கேள்விகளை ஒண்ணொண்ணா எடுத்துக்கறேன்.

கோபியிலிருந்து: அய்யனுக்கு இதயத்துல வால்வு மாத்தியிருக்குதுங்க. ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை போடறாரு. தோட்டத்துல முருங்கை தழைஞ்சு கிடக்குது. தினமும் கீரை சூப் குடுக்கலாமுங்களா?

இன்னைக்கு வந்த கேள்வியில ரொம்ப முக்கியமானது இது, அம்மணி. முருங்கைக்கீரை, பாலக்கீரை மாதிரி பச்சைக் கீரைகள்ல வைட்டமின் கே நிறைய இருக்குது. ரத்தம் உறையறதுக்கு உடம்புக்கு வேணுங்கறது அந்தச் சத்து. அசிட்ரோம், வார்ஃபரின் ரெண்டும் அது வேலை செய்யறதைத் தடுக்கற மாத்திரைங்க. இத்தனை நாளா கீரையே தொடாதவரு திடீர்னு தினமும் ஒரு டம்ளர் கீரையை மசிச்சுக் குடிச்சா, மாத்திரையோட பலன் குறைஞ்சு வால்வுல ரத்தம் கட்டலாம். அதே மாதிரி, தினமும் குடிச்சிட்டிருந்தவரு ஒரேயடியா நிறுத்தினா மாத்திரை தூக்கலாகி ரத்தக்கசிவு வரலாம்.

அதுக்காகக் கீரையே ஆகாதுன்னு ஒதுக்க வேண்டாமுங்க. வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவுன்னு ஒரு அளவு வெச்சு மாறாம குடுங்க. புதுசா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லி, அவர் சொல்ற நாள்ல ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டறது) பார்த்துருங்க. மாத்திரை அளவை நீங்களா மாத்தக் கூடாது. ஈறுல ரத்தம், கறுப்பா மலம், அடிபடாமலே நீலத் தழும்பு வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பொள்ளாச்சியிலிருந்து: எங்கம்மாவுக்குக் கிட்னி தளர்ந்து ரத்தத்துல கிரியேட்டினின்ங்கற கழிவு கூடியிருக்குது, பிரஷருக்கு டெல்மிசார்டன் போடறாங்க. கிட்னிக்கு நல்லதுன்னு வாழைத்தண்டு சூப்பும் இளநீரும் குடுக்கறோம். சரிதானுங்களா?

சூப்பையும் இளநீரையும் உடனே நிறுத்திட்டு டாக்டரைக் கேளுங்க. வாழைத்தண்டு, தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை எல்லாத்துலயும் பொட்டாசியம் உண்டு. இளநீர்ல அதைவிட யோசிக்கணும். கிட்னி நல்லா இருந்தா மிச்சப் பொட்டாசியத்தைச் சிறுநீர்ல தள்ளிரும். கிட்னி தளர்ந்தா அது ரத்தத்துலயே தங்கிரும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிபிரில், எனலாபிரில், ஸ்பைரோனோலேக்டோன் மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்புலயே நிறுத்தி வெக்கறவை. ரெண்டும் சேர்ந்தா இதயத் துடிப்பே தடம் மாறலாம், முன்கூட்டி ஒரு அறிகுறியும் தெரியாமலேகூட.

கிட்னிக்காரங்களுக்குக் காயைச் சின்னதா நறுக்கி, நிறையத் தண்ணில வேகவெச்சு, அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டுச் சமைக்கச் சொல்லுவாங்க, கேட்டிருப்பீங்க. பொட்டாசியம் தண்ணிக்கு இறங்கிருங்கறதுதான் காரணம். சூப்புங்கறது கொட்டச் சொன்ன அதே தண்ணிதானுங்க! கிட்னி சரியில்லாத வீட்டுல சூப்பைப் பத்தி நான் இவ்வளவு அழுத்திச் சொல்றது இதனாலதான்.

இன்னொண்ணு, 'சோடியம் குறைஞ்ச உப்பு'ன்னு விக்கற பாக்கெட். அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025-ல அந்த உப்பைப் பொதுவாப் பரிந்துரைச்சப்பகூட, கிட்னி பாதிச்சவங்களுக்கு அது பொருந்தாதுன்னு விலக்கிச் சொல்லியிருக்குது.

திருப்பூரிலிருந்து: பனியன் கம்பெனி வேலைங்க, காலையில நேரமே இல்லை. தைராய்டு மாத்திரையைப் போட்டதும் சூப் குடிச்சிட்டு ஓடறேன்.

வெறும் தண்ணில மாத்திரை, அப்புறம் அரை மணி நேரமாவது, முடிஞ்சா ஒரு மணி நேரம் சும்மா இருங்க. எந்திரிச்ச உடனே மாத்திரையைப் போட்டுட்டுக் குளிக்கப் போனா நேரம் சரியாயிரும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேணும்.

கோயம்புத்தூரிலிருந்து: சர்க்கரைக்கு கிளிமிபிரைட் போடறேன். எடை குறைய ராத்திரி சோத்தை விட்டுட்டு சூப் மட்டும் குடிக்கறேன். நடுராத்திரி வேர்த்துக் கொட்டுது, படபடன்னு வருது.

தம்பி, அது சர்க்கரை தாழ்ந்து போறதோட அடையாளமா இருக்கலாம். கிளிமிபிரைடு சாப்பாட்டை நம்பிக் குடுக்கற மாத்திரை. நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அது இன்சுலினைச் சுரக்க வெக்கும். வெறும் காய்த் தண்ணில அதுக்கு ஈடு குடுக்க ஒண்ணுமில்லை. மறுபடி வேர்த்தா குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலக்கிக் குடிச்சு, 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட சாப்பாட்டு முறை மாறினதைச் சொல்லுங்க. இன்சுலின் போடறவங்களுக்கும் இது பொருந்தும்.

தாராபுரத்திலிருந்து: மருமகள் மாசமா இருக்கறா. இரும்புச்சத்து மாத்திரையோட முருங்கை சூப் குடுத்தா நல்லதுங்களா?

குடுங்க, எலுமிச்சை பிழிஞ்சு குடுங்க. வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா ஒட்டும். பின்னாடியே டீயோ காப்பியோ வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். கால்சியம் மாத்திரை வேற நேரத்துல.

கரூரிலிருந்து: ஆன்டிபயாடிக் போடறப்போ பால் ஊத்தின காளான் சூப் குடிக்கலாமா?

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின்னா அந்த நேரத்துல பால் சூப் வேண்டாம், 2 மணி நேரம் தள்ளிக் குடிங்க. அமாக்சிசிலினுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பல்லடத்திலிருந்து: சுரைக்காய் சூப் கசந்துது. வீணாப் போகுதேன்னு குடிச்சிட்டேன்.

இனிமே கசந்தா அப்படியே கொட்டிருங்க. குக்குர்பிட்டாசின்ங்கற நச்சுதான் அந்தக் கசப்பு. வேகவெச்சாலும் அதை நம்பிக் குடிக்க முடியாது. வாந்தி, பேதி, ரத்தமா போறது, ரத்த அழுத்தம் சரியறதுன்னு ஆபத்து வரைக்கும் போகும். உங்களுக்கு இப்ப வயித்து வலி, வாந்தி இருந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரி போங்க. நறுக்கினதும் ஒரு துண்டை நாக்குல வெச்சுப் பார்த்துட்டுப் போசில போடுங்க.

நாமக்கல்லிலிருந்து: மூட்டு வலிக்குக் கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்குல சூப் வெச்சுக் குடிக்கறோம். டைக்ளோஃபினாக்கையும் கூடவே போடலாமா?

சூப்பை விடுங்க, அந்த வலி மாத்திரைதான் எனக்குக் கவலை. பிரஷர் மாத்திரையும் சிறுநீர் போக வெக்கற மாத்திரையும் போடறவங்க அதோட டைக்ளோஃபினாக்கையும் சேர்த்தா கிட்னி அடிபடலாம். கடையில கேட்டு வாங்கி நாள் கணக்காப் போடறதை விட்டுருங்க. டாக்டர் எழுதிக் குடுத்த மூட்டு மாத்திரையைச் சூப்பை நம்பி நிறுத்தவும் வேண்டாம். அடுத்த தடவை போறப்போ மாத்திரைச் சீட்டோட, வீட்டுல குடிக்கற சூப்போட பேரையும் எழுதி எடுத்துட்டுப் போங்க.