‘ஸ்ப்ளே’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் இணைச்சொற்களும் யாவை?

ஸ்ப்ளே என்பது விரல், கை, கால் போன்ற உறுப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று விலகும்படி அகல விரிப்பதைக் குறிக்கும் வினைச்சொல். தமிழில் விரலுக்கு ‘விரித்தல்’ என்றும் காலுக்கு ‘அகட்டுதல்’ என்றும் வழங்குவதால், மொழிபெயர்ப்பவர் உறுப்பைப் பார்த்தே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஸ்ப்ரெட்’ மிக நெருங்கிய இணைச்சொல் என்றாலும், வதந்தியோ நோயோ பரவுவதைச் சொல்ல அது பொருந்துமே தவிர, ஸ்ப்ளே பொருந்தாது. சுருட்டிய கொடியைப் பிரித்துப் பறக்கவிடுவதற்கு ‘அன்ஃபர்ல்’, மடித்த தாளைப் பிரிப்பதற்கு ‘அன்ஃபோல்ட்’ என்பவையே உரியவை. காட்சிப்படுத்துதலைக் குறிக்கும் ‘டிஸ்ப்ளே’ என்ற சொல்லின் முன்னொலி தேய்ந்தே ஸ்ப்ளே பிறந்தது. வியப்பாகத் தோன்றினாலும், டிஸ்ப்ளேயின் பழைய பொருளும் மடிப்பை விரிப்பதுதான். கட்டடக்கலையில், சன்னல் திறப்பின் பக்கச்சுவர் ஒருபுறம் அகன்று சாய்வாக அமைவதையும் ஸ்ப்ளே என்ற சொல்லால் குறிப்பர்.