பாக்ஸ் கட்டர் வாங்கும் முன்: மதகு எங்கே, கலிங்கு எங்கே?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): மொட்டை மாடியில் 30க்கு 30 அடி ஷீட்டுக் கூரை போடுகிறோம். பக்கத்து மனையில் தண்ணீர் விழக்கூடாது. அதனால் சரிவு முழுவதையும் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே இறக்கி, பாக்ஸ் கட்டர் (பெட்டி வடிவ மழைநீர் வாய்க்கால்) வைக்கலாம் என்கிறார் வெல்டர். அகலம் 8 அங்குலம், ஒரு முனையில் ஒரே ஒரு 4 அங்குல பைப். போதுமா?

பதில்: போதாது. கட்டரைவிட அந்த பைப்தான் பெரிய குறை.

கூரைக்கு வெளியே தொங்கும் கட்டர் நிரம்பினால் தண்ணீர் வாசலில் கொட்டும், அதோடு போயிற்று. பாக்ஸ் கட்டர் சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது. அது நிரம்பினால் தண்ணீருக்குப் போக்கிடம் வீட்டுக்குள்தான். ஆகவே "அடிக்கு என்ன விலை?" என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கே வெளியேறும், அந்த வழி அடைத்துக்கொண்டால் வேறு எங்கே போகும் என்ற இரண்டையும் கேளுங்கள்.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 நவம்பர் கடைசியில், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். ஆனால் கட்டருக்கு நாள் கணக்கு முக்கியமில்லை. கால் மணி நேரம் எவ்வளவு வேகமாக ஊற்றுகிறது என்பதுதான் கணக்கு. நம் கடலோரத்துக்கு மணிக்கு 150 மி.மீ. வேகத்தை வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் 900 சதுர அடியில் அந்த வேகத்தில் பெய்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 210 லிட்டர் வரும். 15 லிட்டர் குடத்தால் 14 குடம், நிமிஷா நிமிஷம்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பில் உள்ள அட்டவணைப்படி, இந்த வேகத்துக்கு ஒரு 4 அங்குல பைப் 28.5 சதுர மீட்டர் கூரையைத்தான் வடிக்கும். சுமார் 307 சதுர அடி. உங்களுக்கு அப்படி மூன்று வேண்டும். 6 அங்குல பைப் 83.6 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட உங்கள் கூரை முழுவதையும் ஒன்றே பார்த்துக்கொள்ளும். எங்கள் யோசனை: இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 6 அங்குல பைப். ஒன்று அடைத்தாலும் மற்றது சமாளிக்கும்.

கட்டரை நடுவில் மேடாக வைத்து இரு பக்கமும் இறக்குங்கள். 15 அடி நீளத்தில் ஒன்றே முக்கால் முதல் இரண்டு அங்குலம் இறங்கினால் நல்ல வாட்டம். ஒரு அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். அகலம் 12 அங்குலம், ஆழம் நடுவில் 6, முனைகளில் 8 என்று கேளுங்கள். 8 அங்குல அகலத்தில் ஷீட் 2 அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். மீதி இடத்தில் சேறு அள்ளக் கை ஓடாது. அந்த 2 அங்குல நீட்டலைக் குறைக்கவும் விடாதீர்கள். குறைத்தால் தண்ணீர் ஷீட்டின் அடியோடு ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடும். ஷீட் நுனியைக் கொஞ்சம் கீழே மடக்கிவிட்டால் சொட்டு நேராகக் கட்டரில் விழும்.

பைப்தான் மதகு என்றால், அடுத்தது கலிங்கு, அதாவது மிஞ்சிய நீர் வழியும் வாய். ஏரியில் மதகு அடைத்தாலும் கரை உடையாமல் இருப்பது கலிங்கால்தானே? பாக்ஸ் கட்டருக்கும் அதே விதி. இரு முனைச் சுவரிலும், கட்டரின் தரையிலிருந்து 4 அங்குலம் மேலே, 10 அங்குல அகலம், 2 அங்குல உயரத்தில் ஒரு வாய் வையுங்கள். 8 அங்குல ஆழத்தில் அதற்கு மேலும் 2 அங்குலம் மிச்சமிருக்கும். அந்த மிச்சம்தான் உங்கள் கூரையறையைக் காப்பது. அந்த வாய் தெருப் பக்கமோ உங்கள் கொல்லைப் பக்கமோ, கண்ணில் படுகிற இடத்தில் விழட்டும். அதில் தண்ணீர் கொட்டினால் பைப் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உடனே ஆளை ஏற்றலாம். மதிப்பீட்டுச் சீட்டுகளில் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் விடுபட்டிருக்கும்.

பைப் இறங்கும் இடத்தில் கட்டரின் அகலத்துக்கே ஒரு தொட்டி, 6 அங்குல ஆழத்தில், தனியாக இறக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். தட்டையான தரையில் ஓட்டை போட்டால் அதன்மேல் தண்ணீர் சுழன்று காற்றையும் இழுக்கும், பைப் முழுசாக ஓடாது.

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்): கடற்கரை பக்கத்தில் வீடு. கட்டருக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகரம்) போதும் என்கிறார் ஒருவர், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போடு என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: ஜி.ஐ. என்றால் முதலில் "கேஜ்" பேச்சை விட்டு மி.மீ. கணக்குக்கு வாருங்கள். ஒரே கேஜ் எண்ணுக்கு கடைக்குக் கடை வேறு வேறு தடிப்பு சொல்வார்கள். கட்டருக்குக் குறைந்தது 0.8 மி.மீ., ஆள் கால் வைக்கிற இடமானால் 1 மி.மீ. வெட்டிய ஓரத்தில் மைக்ரோமீட்டர் வைத்து உங்கள் எதிரிலேயே அளக்கச் சொல்லுங்கள்.

தடிப்புக்கு அடுத்தது துத்தநாகப் பூச்சு. 120 ஜி.எஸ்.எம். என்றால் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம்; ஒரு பக்கம் எட்டு மைக்ரான் சொச்சம்தான். 275 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு பக்கம் 19 மைக்ரான். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே பளபளப்புதான்! அதனால் ஐ.எஸ். 277 (ஜி.ஐ. தகரத்துக்கான இந்தியத் தர எண்) முத்திரையையும் ஆலைச் சான்றிதழையும் கேளுங்கள்.

கடலோரத்தில் கட்டர் உள்பக்கத்தைவிட அடிப்பக்கம் முதலில் துருப்பிடிக்கும். உள்ளே மழை உப்பைக் கழுவிவிடுகிறது. அடியில் படிந்த உப்பு அப்படியே இருந்து அரிக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஜி.ஐ. வேண்டாம். பணம் இடம் கொடுத்தால் 316 ரக எஸ்.எஸ்., இல்லையென்றால் மேல்பூச்சு நல்லதாக உள்ள ஃபைபர். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல எஸ்.எஸ். என்று காட்டினால் ஏற்காதீர்கள். 202, 304, 316 எதிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ரக எண் பில்லில் எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி): ஓட்டு வீட்டின் கைப்பிடிச் சுவரை ஒட்டிய தகரக் கட்டர், இரண்டு வருஷமாக ஜாயிண்டில் ஒழுகுகிறது. ஒவ்வொரு மழைக்கும் சிலிக்கான் அப்புகிறார்கள், நிற்கவில்லை.

பதில்: மேலே அப்பினால் நிற்காது. முதலில் ஒழுக்கு ஜாயிண்டிலா, சுவரிலா என்று பாருங்கள். பைப் வாயைத் துணிப்பந்தால் அடைத்து, கட்டரில் 3 அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். கீழே சொட்டும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். சொட்டவே இல்லையென்றால், சுவரோரம் தகரத்தின் மேல் விளிம்புக்குப் பின்னால்தான் தண்ணீர் இறங்குகிறது. அங்கே சுவரில் ஒரு அங்குலக் காடி வெட்டி, மூடு தகரத்தைச் சொருகி, கட்டரின் மேல் விளிம்பை அது மூடும்படி இறக்க வேண்டும். வெறும் சிமென்ட் பூச்சு இரண்டு வெயிலில் விட்டுவிடும்.

ஜாயிண்டுதான் என்றால், கடைக்காரர் கொடுக்கும் சிலிக்கானைக் கொஞ்சம் பிதுக்கி முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது கண்ணாடிக்கானது. அதன் அமிலம் துத்தநாகத்தைத் தின்னும், பிடிப்பும் போகும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பழையதை முழுக்கச் சுரண்டி, ஜாயிண்டைப் பிரித்து, மேட்டுப் பக்கத் துண்டு மேலே வரும்படி 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, நடுவே சீலண்ட் வைத்து, இரண்டு வரிசை ரிவெட் அடிக்க வேண்டும். ரிவெட்டுக்கு ரிவெட் ஒன்றரை அங்குலம். 30 அடி தகரம் வெயிலுக்கும் மழைக்கும் நடுவே 4 மி.மீ. அளவு நீண்டு சுருங்கும். அதனால் இரு முனையையும் சுவரில் கெட்டியாகப் பூசி இறுக்காதீர்கள்.

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் ஜாயிண்டில் தண்ணீர் நின்றால், வாட்டம் கெட்டிருக்கிறது. கிளாம்பு தொய்ந்திருக்கும். 12 அங்குலக் கட்டரில் 6 அங்குலம் நீர் நின்றால் அடிக்கு 14 கிலோ கனம். கிளாம்பு இரண்டு அடிக்கு ஒன்று இருக்கட்டும்.

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி): கட்டரின் பைப் வாயில் ஜாலி (வடிகட்டி மூடி) போட்டும் அடைக்கிறது. வாசலில் வாதாம் மரம்.

பதில்: தட்டை ஜாலியாக இருக்கும். அதை மூட ஒரு வாதாம் இலை போதும். கூம்பாக மேலெழும்பிய ஜாலி வாங்குங்கள். இலை சுற்றிலும் சாய்ந்தாலும் மேல்வழி திறந்திருக்கும். புரட்டாசியில் ஒருமுறை, பிறகு ஐப்பசி, கார்த்திகையில் 15 நாளுக்கு ஒருமுறை அள்ளுங்கள். அள்ளியதைப் பைப்புக்குள் தள்ளி விடக்கூடாது. கீழே முழங்கை வளைவில் அது கட்டிக்கொண்டால் பைப்பையே அறுக்க வேண்டிவரும்.