குதிரைக்கு மேய்ச்சல் காட்டில் போடும் காய்ந்த தீவனம் வீணாகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பாதித் தீவனம் காலடியில் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தரையில்தான் போடுகிறீர்கள், அதுவும் மணல் கலந்த செம்மண் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியானால் பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து அதில் இருக்கிறது.

எங்களுக்குத் தாராபுரம் பக்கம். மார்வாரிப் பெட்டைக் குதிரை ஒன்றும் அதன் குட்டியும் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், நிற்கின்றன. மழை பெய்தால் கொழுக்கட்டைப்புல் மேய்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் காய்ந்த புல்லும் கடலைக்கொடியும் போட்டாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் வேலியோரம் உதறிப் போட்டுவிட்டு வந்தவன்தான். கடலைக்கொடியின் சத்து இலையில் இருக்கிறது. காய்ந்த இலை தொட்டால் உதிரும். குதிரை தண்டை ஒதுக்கிவிட்டு, உதிர்ந்த இலைக்காக உதட்டால் மண்ணைத் துழாவும். ஒரு துணுக்கு விடாமல் தின்கிறதே என்று நான் மகிழ்ந்ததும் உண்டு.

ஒரு வைகாசி இரவு பெட்டை தரையைக் காலால் பறித்தது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்துப் புரண்டது. மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்தெண்ணெய் ஊற்றினார். விடியும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதனுடன் நடந்தேன். காலையில் லத்தியில் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கி வைக்கச் சொன்னார். அடியில் விரல் கனத்துக்கு மணல் படிந்தது. இலையோடு உள்ளே போன மணல்தான் குடலில் தங்கி வயிற்றுவலியைத் தந்திருக்கிறது. நீங்களும் இன்றே இதைச் செய்து பாருங்கள்.

அதன் பிறகு, கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை வாங்கினேன். மூன்றடி அகலம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. அடியில் கடப்பைக்கல், மழைநீர் வடிய ஓரத்தில் ஒரு துளை, விளிம்பு முழுவதும் வழவழப்பாகப் பூச்சு. உதிரும் இலை கல்லின்மேல்தான் விழுகிறது. முதல் வாரம் மூக்கால் வாரி வெளியே எறிந்தது. அதனால் இரண்டு விரல் நுழையும் கண்ணுள்ள நைலான் வலையைத் தீவனத்தின்மேல் விரித்து, உள்ளே நான்கு வளையங்களில் கட்டினேன். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்க முடிகிறது. வலையை வேலியில் தாழ்வாகத் தொங்கவிடாதீர்கள், கால் மாட்டிக்கொள்ளும். லாடம் அடித்த குதிரைக்கு இன்னும் ஆபத்து. இரண்டு குதிரைகளுக்கு மூன்று தொட்டிகள், நன்றாகத் தள்ளித் தள்ளி வையுங்கள். வலுத்தது விரட்டும்போதுதான் பாதி மிதிபடுகிறது.

"தொட்டியெல்லாம் எதற்கு, எங்கள் தாத்தா தரையில்தான் போட்டார்" என்று யாராவது எழுதக்கூடும். போட்டிருப்பார், அவர் மண் வேறாக இருந்திருக்கலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் காய்ந்த புல்லின் பெரிய உருளைக்கட்டுகளைக் குதிரைகளுக்கு வைத்துச் சோதித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், தொட்டி இல்லாமல் வைத்தபோது 57 சதவீதம் வீணாயிற்று. தொட்டிகளில் அது 5 முதல் 33 சதவீதம்வரை இருந்தது. தொட்டிக்குத் தொட்டி அவ்வளவு வேறுபாடு.

ஆனால் தொட்டியைவிடத் தராசு முக்கியம். குதிரையின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீவனம் போதும். என் பெட்டை சுமார் 350 கிலோ, ஆகவே நாளுக்கு ஏழு கிலோ. நான் குத்துமதிப்பாகப் பத்து, பதினொன்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மிஞ்சியதன்மேல் படுக்கும், மூத்திரம் பெய்யும், பிறகு முகர்ந்துகூடப் பார்க்காது. எடை போட்டு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கடலைக்கொடியை வேர்மண் போக உதறிவிட்டுப் போடுங்கள். கொழுக்கட்டைப்புல்லை மட்டுமே நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும், நாளடைவில் முகஎலும்பு வீங்கும். கடலைக்கொடி சேர்ப்பது அதற்காகவும்தான்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும், ஊர்த் திருவிழா முடிந்ததும் மிஞ்சிய சோற்றையும் சாம்பாரையும் அண்டா அண்டாவாக வேலிக்குமேல் கொட்டிவிட்டுப் போகிறார்கள். வாயில்லா ஜீவனுக்குப் புண்ணியமாம்! குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. புளித்த சோறு உள்ளே போனால் வயிறு உப்பி உயிரே போய்விடலாம். இதைச் சொன்னால், "சோறு போட்டதற்கா சண்டைக்கு வருகிறாய்?" என்கிறார்கள். சென்ற ஆண்டு அந்த மூன்று நாளும் கட்டிலை வேலியோரம் போட்டுக் காவல் படுத்தேன். இந்த ஆண்டும் படுப்பேன்.